கண்ணாடித் தொட்டியில் ஊர்க்குளத்துப் பாசி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு வடக்கே சென்று வாழும் நேயர்களுக்கு ஊர்க்குளத்தின் நினைவு எளிதில் அகலாது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குளங்களோ அந்தக் கோட்டை அறியா. களியக்காவிளைக்கு இப்பால் பாசி என்பதை அப்பால் பாயல் என்பர், செடி ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறை முடிந்து தில்லி திரும்புகையில், அக்குளங்களிலிருந்து மூவகை நீர்ச்செடிகளை ஈரத்துணியில் சுற்றி உடன் எடுத்துச் சென்றோம். ஒன்று ஹைட்ரில்லா என்னும் கொடிப்பாசி. மற்றொன்று நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியா. மூன்றாவது, சேப்பங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த கிரிப்டோகொரைன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மூன்றையும் ஆசையோடு நட்டோம். பத்து நாளில் மூன்றாவது செடியின் இலைகள் கூழாகிக் கரைந்தன. அழுகிவிட்டதென்று வேரோடு பிடுங்கி எறிந்தோம். நாடாச்செடி அடியில் கறுத்து மிதந்தது. கொடிப்பாசி மட்டும், நாம் கட்டிய கட்டினின்று தானே விடுபட்டு, நீர்மேல் மிதந்தபடி செழித்தது. மூன்றுக்கும் நாம் செய்தவற்றில் எது பிழை என்று பிற்பாடு தெரிந்தது. அதை நேயர்களுக்குக் கூறுவதில் நாணமில்லை.

நாடாச்செடிக்கு வேரும் இலையும் கூடுமிடத்தில் வெண்மையான ஒரு கழுத்து உண்டு. அதை மணலில் புதைத்தால் செடி மூச்சடைத்து அழுகும். ஆகவே சற்று ஆழமாகவே நட்டு, மணலை அமுக்கியபின், கழுத்து வெளித்தெரியும் வரை மெல்ல மேலே இழுத்துவிட வேண்டும். அவ்வாறு இழுக்கும்போது வேர்கள் கீழ்நோக்கி நேராகின்றன, பிடிப்பும் உறுதியாகிறது. ஓரிரு திங்களில் அச்செடி மணலுக்குள் தண்டு ஓட்டிக் கன்றுகளை ஈனும்.

கிரிப்டோகொரைன் நீர் மாறினால் இலைகளை உதிர்த்துவிடும் இயல்புடையது. இலை போனாலும் கிழங்கு சாவதில்லை. அசைக்காமல் விட்டுவைத்தால் சில வாரங்களில் புதுத்தளிர் வரும். நாம் எறிந்தது உயிருள்ள செடியை!

கொடிப்பாசியின் கதை வேறு. அதன் தண்டு எளிதில் முறிவது. பத்துத் தண்டுகளை ஒன்றாக்கி ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவது பலரது வழக்கம். இறுக்கிய இடம் நசுங்கி அழுகும். அடிக்கணுக்கள் இரண்டின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே சாய்வாக மணலில் செருகுவதே நன்று. கணுவில் வேர் விடும். அதுவரை மிதந்தெழாதிருக்க, சிறு கல்லோடு பருத்தி நூலால் தளரக் கட்டலாம். வேர் பிடிக்குமுன் நூல் இற்றுப்போனால் மீண்டும் கட்டுவதில் சிரமமில்லை. செராட்டோஃபில்லம் என்னும் பாசிக்கு வேரே கிடையாது; அதை நட முயல்வது வீண், மிதக்க விடுவதே முறை. ஜாவாப் பெரணியின் கிடைத்தண்டையும் புதைக்கலாகாது. கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவைத்தால் தானே பற்றிக்கொள்ளும்.

மணல் கடுகளவினதாக இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். கடல்மணல் ஆகாது. அதிலுள்ள சிப்பித்தூள் நீரைக் கடினமாக்கும். ஐயமிருப்பின் ஒரு கரண்டி மணலில் காடி விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. முதலில் பாதித் தொட்டி நீர் நிரப்பி நட்டு, பின்னர் மணல்மேல் ஒரு வாழையிலைத் துண்டை விரித்து அதன்மேல் மீதி நீரை ஊற்றினால் பாத்தி குழிபடாது. வடக்கே வாழையிலைக்கு எங்கே போவது என்பீர்களாயின், ஒரு தட்டும் உதவும்.

நீரின் தன்மையையும் கருத வேண்டும். அகத்தியமலையில் தோன்றிப் பூவாறில் கடலைச் சேரும் நெய்யாற்றின் கரையோரம் செம்பொறை நிலம். அங்குள்ள நீர் மென்மையானது. தில்லியின் நிலத்தடி நீரோ கடினமானது. செடிக்கு உணவு சமைக்கக் கரியமிலவாயு வேண்டும். அது குறைந்தவிடத்துக் கடினநீரிலுள்ள பைகார்பனேட்டைப் பயன்படுத்தும் ஆற்றல் ஹைட்ரில்லாவுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் உண்டு. எல்லா நீர்ச்செடிகளுக்கும் அவ்வாற்றல் இல்லை. புதிதாகத் தொடங்குவோர் இவ்விரண்டையும் முதலில் வளர்ப்பது நலம்.

வாலிஸ்னேரியாவுக்குப் பழம்பெருமையும் உண்டு. இலண்டன் வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன், 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் சோதனையில், இரண்டு பொன்மீன்களோடு தொட்டியில் வைத்தது இச்செடியையே. அழுகிய இலைகளால் நீர் கலங்கவே, குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிவித்தன.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டிச் செடி மிகுந்துவிட்டால் அதை ஏரியிலோ கால்வாயிலோ எறிதல் கூடாது. நம் குளத்து ஹைட்ரில்லாவே 1950களில் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்று, நீர்நிலைகளில் பரவி, பெருங்களையாயிற்று. தென்னமெரிக்கக் கபோம்பா அதே வகையில் நம்மிடம் வந்தது. 2020ஆம் ஆண்டு கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் அது இளஞ்சிவப்பாகப் பூத்தபோது மக்கள் திரள்திரளாகக் கண்டுகளித்தனர். அடியிலே, உள்ளூர்ச் செடிகளுக்கு ஒளி மறைந்துகொண்டிருந்தது. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கும் மெல்லிய செடிகளுள் அதுவும் ஒன்று. அதன் ஒரு துண்டுத் தண்டே புதுச்செடியாக வளரவல்லது.

ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வடக்கே வாங்கிய செடியைக் குளத்தில் விடும் எண்ணம் பிள்ளைகளுக்கு எழுந்தால் தடுத்துவிடுங்கள். வெட்டிய மிகுதியை நன்றாக வெயிலில் உலர்த்தி, பூந்தொட்டிக்கு உரமாக இடலாம். நம் வீட்டு மாடியில் இப்போது துளசிக்கு அதுவே உரம்.