நீரிறைக்கும் இயந்திரம் இயங்க மறுத்தால்

மிளகாய் பூக்கும் வேளையிலோ வெங்காயம் பருக்கும் வேளையிலோ நீரிறைக்கும் இயந்திரம் இயங்க மறுக்குமாயின் கமக்காரர் அடையும் கவலை சொல்லுந்தரமன்று. அவ்வேளையில் கயிற்றை மேலும் மேலும் இழுப்பதே பலர் செய்யும் காரியமாகும். பத்து முறை இழுத்தும் இயங்காத இயந்திரம் ஐம்பது முறை இழுத்தாலும் பெரும்பாலும் இயங்காது. தோள் நோவதும், உருளையினுள் எரிபொருள் மிகுந்து பிளக் நனைந்து போவதுமே மிச்சம்.

சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்கள் இயங்குவதற்கு மூன்று காரியங்கள் நிகழ்தல் வேண்டும். எரிபொருளும் காற்றும் கலந்து உருளையை அடைதல் வேண்டும். பிஸ்டன் அக்கலவையை இறுக அமுக்குதல் வேண்டும். உரிய கணத்தில் பிளக்கில் தீப்பொறி தோன்றுதல் வேண்டும். இவற்றுள் எது நிகழவில்லை என அறிந்த பின்னரே ஸ்பனரைக் கையிலெடுத்தல் நன்று.

முதலில் ஆளியையும் எரிபொருட் குழாயின் திறப்பையும் பாருங்கள். இதனைக் கூறுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எனினும் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் இயந்திரங்களுள் இவ்வாறானவையும் உண்டு. அடுத்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானே நிறுத்தும் அமைப்பு இக்கால இயந்திரங்கள் பலவற்றில் உண்டு. போதிய எண்ணெய் இருந்தும், சரிவான வரம்பிலே வைக்கப்பட்ட காரணத்தால் அவை இயங்காதிருக்கலாம். மட்டமான நிலத்திற்கு மாற்றி மீண்டும் இழுத்துப் பாருங்கள்.

இதன் பின்னரும் இயங்காவிடின் பிளக்கைக் கழற்றி அதன் முனையை நோக்குக. முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை என்பது பொருள். தாங்கியிலிருந்து காபரேற்றர் வரையுள்ள குழாய், வடி என்பவற்றில் அடைப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் சேறு படிந்து அடைபட்டாலும் எரிபொருள் இறங்காது. பல மாதம் கிடந்த பெற்றோல் பிசின்போல் படிந்து காபரேற்றரின் நுண்துளையை அடைத்துவிடும். அத்துளையைக் கம்பியாற் குத்தலாகாது. துளை பெருத்தால் எரிபொருள் வீணாகும். கழுவிய பின் காற்றை ஊதிச் சுத்தஞ் செய்தலே முறை.

முனை நனைந்திருந்தால் எரிபொருள் வருகின்றது. தீப்பொறியைச் சோதித்தல் வேண்டும். சிந்திய எரிபொருளைத் துடைத்து, பிளக்கிருந்த துவாரத்தை வேறொரு பழைய பிளக்கினால் மூடியபின், கழற்றிய பிளக்கின் உலோகப் பகுதி இயந்திரத்தில் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுக்கவும். துவாரத்தை மூடாது சோதித்தால் வெளிவரும் ஆவி தீப்பற்றக்கூடும். நீலநிறமான பொறி தோன்றாவிடின் பிளக்கின் கரியை நீக்குக. இடைவெளி, சிறிய பம்ப் இயந்திரங்கள் பலவற்றுக்கு 0.7 மி.மீ. தொடக்கம் 0.8 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். அப்பொழுதும் பொறி இல்லையேல் புதிய பிளக்கை மாட்டிப் பார்த்தல் மலிவான வழியாகும்.

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களுக்கு வேறொரு நோய் உண்டு. அது இயந்திரத்தின் பிழையன்று, முதல்நாள் அதனை நிறுத்திய விதத்தின் பிழையே. ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் மண்ணெண்ணெய் தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தருவதில்லை. மண்ணெண்ணெயில் ஓடியபடியே நிறுத்தப்பட்ட இயந்திரத்தின் காபரேற்றர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே தங்கியிருக்கும். மறுநாட் காலை தாங்கியிலே பெற்றோல் இருந்தும், குளிர்ந்த உருளைக்குட் செல்வது அந்தப் பழைய மண்ணெண்ணெய்தான். 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதியில் எரிபொருள் அருமையாயிருந்த காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கமக்காரருக்கு இது புதிதன்று.

மண்ணெண்ணெய்த் திறப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு பாத்திரத்தில் வடித்துவிடுக. நிலத்திற் சிந்தினால் கிணற்று நீர் கெடும். பின் பெற்றோலைத் திறந்து சோக்கை மூடித் தொடக்குக. இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகப் பெற்றோலுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் இத்தொல்லையே இராது. சூடேறுமுன் மாற்றுவோரின் இயந்திரங்களில் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய் மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் வாடை வீசினால் உடனே மாற்றுக.

எரிபொருளும் பொறியும் சரியாயிருந்தும் இயங்காவிடின், பிளக்கை மீண்டும் இறுக மாட்டிக் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்திற் கை தடைப்பட வேண்டும். தடையின்றிக் கயிறு இலேசாக வருமாயின் அமுக்கம் கசிகின்றது. வால்வோ பிஸ்டன் வளையமோ பழுதுற்றிருக்கலாம்; அதனைத் தேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இச்சோதனைகள் யாவற்றையும் கிணற்றுக்கு வெளியிலேயே செய்க. கோடையில் நீர் மட்டம் தாழ்ந்தபோது இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குவோர் உளர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனாற் கிணற்றினுள்ளே உயிரிழந்தோர் உண்டு. அவர்களைத் தூக்கச் சென்று மாண்டோரும் உண்டு. எவரேனும் உள்ளே மயங்கிக் கிடந்தால் தாமும் இறங்காது, மேலிருந்தவாறே கயிற்றினால் அவரைத் தூக்க முயலுதலும் உதவிக்கு ஆளழைத்தலும் வேண்டும்.