மூன்று நிமிடத்தில் சிதம்பரம்!

கடலூரில் மொட்டை மாடியில் நின்றபடி, வெள்ளிப் புள்ளியாக நகரும் விமானத்தைப் பார்த்திருக்கிறீர்களா, சுட்டிகளே? அதில் ஏறினால் எத்தனை நிமிடத்தில் சிதம்பரம் போகலாம்? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தூரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் போனால் 45 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வரும். சாலை ஊர்களைத் தொட்டும் பாலங்களைத் தேடியும் வளைந்து போகிறது. வானில் அந்த வளைவுகள் இல்லை. அங்கே நேர்தூரத்தைக் கண்டுபிடிக்க ஓர் அட்லஸ் போதும்.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. அதை 360 டிகிரியால் வகுத்தால், ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. கடலூர் 11.75 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, சிதம்பரம் 11.40 டிகிரியில். வித்தியாசம் 0.35. அதை 111-ஆல் பெருக்கினால் சுமார் 39 கி.மீ. சிதம்பரம் நேர் தெற்கிலும் இல்லை. மேற்கே சுமார் 8 கி.மீ. தள்ளி இருக்கிறது. தெற்கே 39, மேற்கே 8. ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது! பிதாகரஸ் தேற்றப்படி அதன் கர்ணம், அதாவது நேர்தூரம், 40 கி.மீ.

அடுத்து வேகம். பெரிய ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 14 கி.மீ. அப்படியானால் 40 கி.மீ.க்கு மூன்று நிமிடம்கூட ஆகாது!

ஆனால் அந்த வேகம் எடுத்த எடுப்பில் வராது. தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரம் ஏறவே ஏறத்தாழ 20 நிமிடம் வேண்டும். இறங்குவதும் அப்படித்தான். போய்ச் சேரும் ஊருக்கு ஏறக்குறைய 200 கி.மீ. முன்பே மெல்ல மெல்ல உயரத்தைக் குறைக்க வேண்டும். சிதம்பரத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்தூரத்தில் சுமார் 185 கி.மீ. அதனால், தெற்கிலிருந்து சிதம்பரம் வழியாகச் சென்னைக்குப் போகும் விமானம், நடராசர் கோயில் கோபுரங்களைத் தாண்டும்போதே இறங்கத் தொடங்கியிருக்கும்!

இந்த ஏற்ற இறக்கத்தால்தான் பயண நேரம் வெறும் வகுத்தல் கணக்கில் அடங்குவதில்லை. சென்னை – டெல்லி சுமார் 1,760 கி.மீ. மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் வகுத்தால் இரண்டு மணி ஆறு நிமிடம்தான். கால அட்டவணையிலோ மூன்று மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. காற்றுக்கும் பங்கு உண்டு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் நேரம், இங்கிருந்து போகும் நேரத்தைவிடப் பொதுவாகக் குறைவு.

அப்படியானால் குட்டித் தூரத்துக்கு விமானமே கிடையாதா? உண்டு! ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே 2.7 கி.மீ.தான். விசிறி வைத்த சிறிய விமானம் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும். அது உயரே ஏறுவதே இல்லை. நடுவில் கடல் இருப்பதால் அங்கே அது தேவை. நமக்கோ ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன.

செய்து பாருங்கள்: அட்லஸில் உங்கள் ஊரையும் பாட்டி ஊரையும் தேடுங்கள். அட்சரேகை வித்தியாசத்தை 111-ஆலும், தீர்க்கரேகை வித்தியாசத்தை 109-ஆலும் பெருக்குங்கள். பிறகு பிதாகரஸைக் கூப்பிடுங்கள். பாட்டி வீட்டுக்கு வானவழித் தூரம் எவ்வளவு என்று பாட்டிக்கே சொல்லலாம்!