குடம்புளிக்குள் ஓர் அமிலம்

கருத்துச் சுருங்கிய குடம்புளிச் சுளை இரண்டை வெந்நீரில் போடுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். முகர்ந்தால் முதலில் புகை வாசனை, அதற்குப் பின்தான் புளிப்பு. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் சாளைக் குழம்புக்கு இந்தப் புளிதான் வேண்டும். சாதாரணப் புளி ஊற்றிய மீன்குழம்புக்கு அந்த ருசி வருவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மரம் இது. பழம் குட்டிப் பூசணி மாதிரி வரிவரியாக இருக்கும். பழுத்தால் மஞ்சள். மழைக்காலத்தில் உதிர்வதைப் பொறுக்கி, விதையை நீக்கி, சதைப்பற்றான தோலைக் காயவைத்து, அடுப்புக்கு மேலே புகையில் போட்டுக் கருக்க வைப்பார்கள். பிறகு உப்பும் தேங்காயெண்ணெயும் தடவிப் பரணியில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இலங்கையிலும் இதே இனத்துப் புளியைக் கொரக்கா என்ற பெயரில் மீனுக்குப் போடுகிறார்கள். ஐஸ் வராத காலத்தில் மீனை உப்போடும் இந்தப் புளியோடும் பீப்பாயில் அடுக்கிக் கெடாமல் காத்தார்கள். அதற்குக் கொழும்பு முறை என்றே பெயர்.

மீனைக் காப்பாற்றும் அந்தப் புளிப்பு எது? எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் சாதாரணப் புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும்தான் இதிலும் இருக்கின்றன என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். அது தவறு என்று 1965இல் எழுதியவர்கள் லூயிஸ், நீலகண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். குடம்புளியின் முதன்மை அமிலம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலத்தின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். அதே உருவம், கூடுதலாக ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி. அந்தச் சின்ன வேறுபாட்டில்தான் கதை தொடங்குகிறது.

சோறு உடலுக்குள் குளுக்கோஸ் ஆகிறது. குளுக்கோஸ் உடைந்து செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சிட்ரேட் ஆகிறது. அப்போதைக்கு ஆற்றல் போதும் என்றால், மிஞ்சிய சிட்ரேட் வெளியே வருகிறது. அங்கே ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி அதை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளை வைத்துத்தான் செல் புதுக் கொழுப்பைக் கட்டுகிறது. குடம்புளி அமிலம் இந்த நொதியில் சிட்ரேட் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்த ஒருவர் சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை என்றால் பின்னால் நிற்பவர் என்ன செய்வார்? சிட்ரேட்டின் நிலை அதுதான். அமெரிக்க ஆய்வாளர்கள் 1969இல் இதைக் கண்டு சொன்னார்கள். 1970களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொழுப்பு உற்பத்தி குறைந்தது. எலிகள் தின்பதும் குறைந்தது.

இவ்வளவு அழகான வேதியியல் கிடைத்ததும் சமையலறைப் புளி மாத்திரை ஆனதில் வியப்பில்லை. ஆனால் மனிதர்களிடம் அது நிற்கவில்லை. 1998இல் நியூயார்க்கில் ஹெய்ம்ஸ்ஃபீல்டு என்ற ஆய்வாளரின் குழுவினர் எடை கூடிய 135 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரியான பத்திய உணவு. ஒரு பாதிக்குத் தினம் 1,500 மில்லிகிராம் குடம்புளி அமிலம், மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 12 வாரம் கழித்து, அமிலம் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் கணக்கிட்டபோது ஒரு கிலோவுக்கும் குறைவான பலன் தெரிந்தது. செம்மையாக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் கரைந்துவிட்டது.

எலியிடம் பலித்தது நம்மிடம் ஏன் பலிக்கவில்லை? எனக்கு முக்கியமாகப் படும் விடை இது. எலி மாவுச்சத்தைத் தாராளமாகக் கொழுப்பாக மாற்றும் பிராணி. மனித உடல் வழக்கமான சாப்பாட்டில் அந்த வேலையை மிகக் கொஞ்சமே செய்கிறது. நம் இடுப்பில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு, எண்ணெயாகவும் நெய்யாகவும் தேங்காயாகவும் தட்டில் விழுந்து நேராகப் போய்ச் சேர்வதுதான். சோற்றின் மாவுச்சத்தை உடல் முதலில் எரிப்பதால் இந்தக் கொழுப்பு எரியாமல் மிஞ்சுகிறது. வருகிற கொழுப்புக்கு அந்த நொதியின் வாசலில் வேலையே இல்லை. அங்கே எத்தனை பேர் பந்தி மறித்து உட்கார்ந்தாலும் அது பாட்டுக்கு வேறு வழியில் போய்விடும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எடை குறைய இந்த மாத்திரையை விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பழுதானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை அதிகம் காணப்படுவதையும் பின்னாளில் கண்டார்கள். குழம்பில் போடும் இரண்டு சுளை வேறு, சாறிறக்கிச் செறிவாக்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. உங்கள் வீட்டில் யாராவது அதை எடுத்துக்கொண்டிருந்து, கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ பசி அற்றுப்போனாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.

அப்படியானால் தாவரப் பொருள் எதுவும் எடைக்கு உதவாதா? அப்படியும் இல்லை. அதே சாளைக் குழம்பைப் பாருங்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், உடல் எரிக்கும் ஆற்றலைச் சற்றே கூட்டுகிறது. ஒரு நாளுக்குச் சுமார் 50 கலோரி என்பது ஒரு மதிப்பீடு. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 40 கலோரி இருக்கிறது என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அளவு புரியும். அந்தக் குழம்பில் எனக்கு நம்பிக்கை அதிகம் தருவது வெந்தயம்தான். ஒரு தேக்கரண்டியை இரவில் ஊறவைத்து, காலையில் விரலால் நசுக்குங்கள். நூல் இழுக்கும் அந்த வழவழப்புதான் கேலக்டோமன்னன் என்ற நார். அது எந்த நொதியையும் ஏமாற்றுவதில்லை. நீரை உறிஞ்சிக் கூழாகி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, சர்க்கரை இரத்தத்துக்குப் போகும் வேகத்தைத் தணிக்கிறது. பருமன் உள்ள 18 பேருக்குக் காலை உணவோடு 8 கிராம் வெந்தய நாரைச் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில், வயிறு நிறைந்த உணர்வு கூடிப் பசி குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். தாளிப்பில் விழுகிற நாலு வெந்தயம் அந்த அளவின் பக்கத்தில்கூட வராது. ஊறவைத்துத் தோசைக்கு அரைக்கிற வெந்தயம் கொஞ்சம் நெருங்கி வரும்.