கடலோரம் காக்கும் பாக்காவ் காடுகள்

தீவகற்ப மலேசியாவின் மேற்குக் கரையை ஒட்டிய தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கடலோர மண்கரை புதிய காட்சியன்று. கேரித் தீவு, கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், நிபோங் திபால் முதலிய வட்டாரங்களில் இன்று தென்னையும் செம்பனையும் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி, முன்னொரு காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கிய சேற்று நிலமேயாகும். காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, மண்கரை எழுப்பி, நீர்க்கதவு அமைத்து அந்நிலம் மீட்கப்பட்டது. அவ்வேலையில் நம் முன்னோர் பலரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

ஆனால், மண்கரைக்கு அப்பால் கடலை நோக்கி நிற்கும் மரக்கூட்டத்தைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. நண்டு பிடிக்கவும் விறகு பொறுக்கவும் போய்வரும் இடம், கொசு மிகுந்த இடம், பிள்ளைகள் போகக் கூடாத இடம் என்ற அளவிலேயே அதனை அறிந்து வைத்திருந்தோம். அம்மரக்கூட்டம் அழிந்துபோன இடங்களிலேதான் அதன் பயன் விளங்குகிறது. அங்கே அலை நேரே மண்கரையில் மோதுகிறது. கரை சிறுகச் சிறுக அரிக்கப்படுகிறது. ஒரு பெருக்கில் உடைப்பு எடுத்து உப்புநீர் உள்ளே புகுந்தால், பல ஆண்டுக்கால உழைப்பில் வளர்ந்த பயிர் வாடிப் போகிறது.

இக்காட்டை மலாய்க்காரர்கள் பாக்காவ் காடு என்பர். தமிழில் கண்டல் என்றும், அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்றும் வழங்குவதுண்டு. இது ஒரே மரத்தாலான காடன்று. கடல் ஓரமாக நிற்பது அப்பி அப்பி. ஆற்று முகத்துக்கு மேலே, உப்புக் குறைந்த நீரில் நிற்பது பெரெம்பாங். வளைந்த வேர்களை ஊன்றி நடுவே நிற்பவை பாக்காவ் மிஞ்ஞாக்கும் பாக்காவ் குராப்பும். அவற்றின் பின்னே லெங்காடாய், தூமு ஆகியவை. இன்னும் உள்ளே நீப்பா. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கு என்பதால், இந்நாட்டில் அதற்குக் குருடு என்று பொருள்படும் 'பூத்தா' என்ற சொல்லை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். கோயிலோடு சேர்த்து நாம் கேட்டுப் பழகிய மரம் நம் ஊர்ச் சேற்றிலும் நிற்கிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம்.

மரங்களின் வேர்கள் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் தணிந்த நீர் தான் சுமந்து வந்த வண்டலை அங்கேயே விட்டுச் செல்கிறது. இவ்வாறு சேறு படிந்து படிந்து கரை உயர்கிறது. அச்சேற்றில் நண்டு வளை தோண்டுகிறது. வேர்களின் இடுக்குகளில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கின்றன. பின்னர் அவையே கடலுக்குச் செல்கின்றன. சந்தையில் நாம் வாங்கும் இறாலுக்கும் இந்தச் சேற்றுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

மலேசியாவில் ஏறத்தாழ 6 இலட்சம் ஹெக்டர் பாக்காவ் காடு உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்டது சபாவில் உள்ளது. தீவகற்பத்தில் பெயர் பெற்றது பேராக்கின் மாத்தாங் காடாகும். ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ள அக்காடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. மரங்களை 30 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் வளரச் செய்வர். இடையில் 15, 20 ஆண்டுகளில் களைப்பு வெட்டு நடைபெறும். கோல செப்பெத்தாங்கில் உள்ள கரிச்சூளைகளுக்கு விறகு இங்கிருந்தே செல்கிறது. காட்டைப் பயன்படுத்திக்கொண்டே காட்டைக் காக்க முடியும் என்பதற்கு அக்காடு சான்றாக நிற்கிறது.

ஏனைய இடங்களில் நிலைமை அவ்வாறில்லை. இறால் குளங்களுக்காகவும், வீடமைப்புக்காகவும், தொழிற்பேட்டைகளுக்காகவும் காடு வெட்டப்பட்டது. முதலில் இதனை உணர்ந்தவர்கள் சிறு படகு வைத்துக் கரையோரத்தில் வலை வீசும் மீனவர்களே. இழுவைப் படகுகளாலும் அவர்களுடைய வலையில் விழும் மீன் குறைந்து வந்தது. பினாங்கு மாநிலத்தில் அத்தகையோர் 1994ஆம் ஆண்டு தங்களுக்கென ஒரு நலச்சங்கம் அமைத்தனர். பினாங்குக் கரையோர மீனவர் நலச்சங்கம் எனப்படும் அச்சங்கத்தார், காடு அழிவதைக் குறித்து முறையிடுவதோடு நில்லாமல், தாமே கன்று வளர்த்து நடத் தொடங்கினர். அன்றுமுதல் இலட்சத்திற்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டிருக்கிறார்கள். தென் செபராங் பிறையில், சுங்கை ஆச்சேயில், அவர்களுடைய கல்வி நிலையம் ஒன்று இருக்கிறது. மாணவர்கள் அங்கே சென்று சேற்றில் இறங்கியே பாடம் கற்கிறார்கள். மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் ஜெருஜு என்னும் முட்செடியின் இலையிலிருந்து தேநீர்த் தூள் செய்து விற்கிறார்கள். கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து தமிழர் வாழ்ந்துவரும் வட்டாரம் அது என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் இந்நாட்டில் 68 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். பாக்காவ் காடு எத்தகைய பேரலையையும் தடுத்துவிடும் என்று சொல்வது மிகையாகும். எனினும், அடர்ந்த காடு நின்ற கரைகளில் அலையின் வேகம் தணிந்தது உண்மை. அதன் பின்னர் அரசாங்கம் நாடெங்கும் கரையோர மரநடுகைத் திட்டத்தைத் தொடங்கியது. பேராக்கின் கோல கூலாவில் கிராமத்தார் 'பாக்காவ் காட்டின் தோழர்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு அமைத்து, தங்கள் நாற்றுப் பண்ணையில் கன்று வளர்த்து நட்டு வரலாயினர்.

இனி, நம்மைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கரையோரச் சிற்றூர் ஒன்றில் மரம் நடும் நிகழ்ச்சி நடைபெற்றது. செய்தி எழுதும் கடமையோடு நாமும் சென்றிருந்தோம். மாணவர்கள், அலுவலர்கள், அருகிலிருந்த தோட்டத்தின் இளைஞர் மன்றத்தினர் என ஏறத்தாழ 200 பேர் திரண்டிருந்தனர். ஒரே காலைப்பொழுதில் 2,000 கன்றுகள் நடப்பட்டன. நீர் வடிந்த திறந்த சேற்றுவெளியில் கன்றுகள் நேர்வரிசையாக நின்றது புகைப்படத்திற்கு மிகவும் அழகாக இருந்தது. ஊர் மீனவர்களில் முதியவர் ஒருவர் மட்டும் நடாமல் ஒதுங்கி நின்றார். "பாக் சிக், நீங்கள் நடவில்லையா?" என்று கேட்டோம். "இங்கே என் படகு நிற்கும், மரம் நிற்காது" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். அது நம் செய்தியில் இடம்பெறவில்லை.

அடுத்த ஆண்டு வேறு பணியாக அவ்வூருக்குச் சென்றபோது சேற்றுவெளியைப் பார்க்க நேர்ந்தது. கன்று கட்டிய குச்சிகள் இருந்தன. அவற்றின்மேல் தெரித்திப் எனப்படும் கூரிய சிறு ஓட்டுயிர்கள் அப்பிக்கொண்டிருந்தன. பச்சை இலையோடு நின்ற கன்றுகளை எண்ணினோம். 41. நாம் எழுதிய செய்தியில் 2,000 என்ற எண் இருந்தது. 41 என்ற எண் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

அவ்விடத்தில் என்ன தவறு நேர்ந்தது என்பதற்கு விடை இந்நாட்டிலேயே எழுதப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. மலாயாக் காட்டிலாகாவில் பணியாற்றிய வாட்சன் என்பவர், மலாய்த் தீவகற்பத்துப் பாக்காவ் காடுகளைப் பற்றி 1928ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். எந்த நிலத்தைக் கடல் மாதத்தில் எத்தனை முறை மூடுகிறது என்பதைக் கொண்டு, கரையை அவர் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். மேற்குக் கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறுகிறது. ஒவ்வோர் ஏற்றத்திலும் மூழ்கும் தாழ்ந்த சேறு, அதாவது மாதத்தில் 56 முறைக்கு மேல் மூழ்கும் இடம், முதல் வகுப்பு. அங்கே ஏறக்குறைய எந்த மரமும் நிலைப்பதில்லை. அதைவிடச் சற்று உயர்ந்த இடத்தில் அப்பி அப்பி வளரும். மாதத்தில் 20 முதல் 45 முறை மூழ்கும் மூன்றாம் வகுப்பு நிலமே பாக்காவ் மரத்திற்கு ஏற்றது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருக்கில் மட்டும் மூழ்கும் நிலம் லெங்காடாய், தூமு ஆகியவற்றுக்குரியது.

ஆதலின், பாக்காவ் கன்றைத் திறந்த சேற்றுவெளியில் நடுவது, நெல் நாற்றைக் கிணற்றுக்குள் நடுவது போன்றதாகும். எனினும், உலகின் பல நாடுகளில் இதுவே நடைபெற்றது. சேற்றுவெளி எவருக்கும் உரியதன்று. அங்கே நட்டால் வழக்கு எழாது. பாக்காவ் விதை பெரியது, நடுவது எளிது. இடம் கிடைத்தது, விதை கிடைத்தது என்பதனால் நட்டார்களே அன்றி, மரத்திற்கு ஏற்ற இடம் என்று கண்டு நடவில்லை. பிலிப்பீன்ஸ் நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடப்பட்ட கன்றுகளை ஆய்ந்தவர்கள், நெடுங்காலம் பிழைத்தவை பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 20 வரையே என்று 2008ஆம் ஆண்டில் எழுதினர்.

எந்த இடம் எத்தனை முறை மூழ்கும் என்பதை அளந்து அறியக் கருவிகள் உண்டு. ஆனால், அவ்விடத்தில் நாற்பது ஆண்டுகள் படகு கட்டியவருக்கு அது கருவியின்றியே தெரியும். படகு மிதக்கும் அளவுக்கு நாள்தோறும் நீர் நிற்கும் இடத்தில் மரம் வேர் ஊன்றாது என்பதைத்தான் அம்முதியவர் ஆறு சொற்களில் சொன்னார். அவரைக் கேட்டு இடம் குறித்திருந்தால் 2,000 கன்றுகளும் வீணாகியிரா. ஊரார் முன்னின்று நடத்தும் மீட்பு வேலை ஏன் தேவை என்று கேட்போருக்கு, நாம் காட்டக்கூடிய காரணம் இதைவிட வேறில்லை.

கன்று வளர்க்கும் வேலை நம் தோட்ட மக்களுக்குக் கடினமன்று. ரப்பர், செம்பனை நாற்றுப் பண்ணைகளில் கறுப்புப் பையில் மண் நிரப்பிய கைகளுக்கு இது பழகிய வேலையே. பாக்காவ் மரத்தின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குகிறது. முற்றியதன் அடையாளம் அதன் கழுத்தில் தோன்றும் நிற மாற்றம். பூச்சி துளைத்ததையும் நுனி ஒடிந்ததையும் கழித்துவிட வேண்டும். சேற்று மண் நிரப்பிய பையில் மூன்றில் ஒரு பங்கு புதையுமாறு ஊன்றி, நிழலில் வைத்து, வெளியே நடுவதற்கு முன் நிழலைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். மாத்தாங்கில் பாக்காவ் மிஞ்ஞாக்கை 1.2 மீட்டர் இடைவெளியிலும், பாக்காவ் குராப்பை 1.8 மீட்டர் இடைவெளியிலும் நடுவது வழக்கம். நடும் இடத்தில் பியாய் என்னும் பெரணி அடர்ந்திருந்தால் முதலில் அதனை வெட்டி அகற்ற வேண்டும். இல்லையேல் கன்றுக்கு வெளிச்சம் கிடையாது. குரங்கும் நண்டும் தின்பவை போக எஞ்சியவையே மரமாகும். ஆகவே, செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று நட முன்கூட்டியே கூடுதலாக வளர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சில இடங்களில் நடவே தேவையில்லை. கைவிடப்பட்ட இறால் குளங்களில் மரம் முளைக்காமைக்குக் காரணம் விதை இல்லாமை அன்று. குளத்தின் கரை, கடல்நீரையும் அது சுமந்து வரும் விதையையும் தடுப்பதே காரணம். நிலம் மிகவும் தாழ்ந்துவிடாதிருந்து, அருகே தாய்மரங்களும் நின்றால், கரையைத் தக்க இடத்தில் வெட்டி நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே போதும். விதைகள் தாமே வந்து ஊன்றும். இம்முறையில் புகைப்படத்திற்கு ஒன்றும் இராது. இரண்டு மண்வெட்டிகளும் பொறுமையுமே தேவை.

கடலோரத் தோட்டங்களில் உள்ள இளைஞர் மன்றங்களோ பள்ளிகளோ இவ்வேலையில் இறங்க விரும்பினால், முதலில் வனத்துறையின் மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும். பாக்காவ் காட்டில் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட காடாகும். அனுமதியின்றி விதை எடுப்பதும் கூடாது. தோட்டத்தின் மண்கரை அருகே வாய்க்கால் வெட்டுவதானால் நிருவாகத்தின் ஒப்புதலும் வேண்டும். அதன் பின் அடுத்த கம்போங்கின் மீனவர்களைக் கண்டு பேசுங்கள். நடும் நாளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மூன்றாண்டிலும் சென்று எண்ணிப் பார்ப்பதற்காக ஒதுக்கி வையுங்கள். அந்த எண்ணிக்கையை எங்களுக்கும் எழுதியனுப்பினால், குறைவாயிருந்தாலும் வெளியிடுவோம்.

முன் சொன்ன சிற்றூரில், அம்முதியவர் காட்டிய இடம் சேற்றுவெளிக்கு உட்புறமாக இருந்த ஒரு பழைய இறால் குளம். அதன் கரையை ஊரார் இரண்டு இடங்களில் வெட்டித் திறந்தனர். பதினெட்டு மாதம் கழித்து நாம் சென்றபோது முழங்கால் உயரத்தில் அப்பி அப்பிக் கன்றுகள் முளைத்திருந்தன. ஒருவரும் நட்டவை அல்ல. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் ஊர்ப் பிள்ளைகள் பாக்காவ் கன்று 120 நட்டிருந்தார்கள். 93 உயிரோடு இருந்தன. பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் இருமுறை எண்ணினோம்.