வைத்தியசாலைக் கழிவும் கிணற்று நீரும்

காய்ச்சலோடு வந்த ஒருவருக்குத் தாதி ஊசி ஏற்றுகிறார். அதற்குச் சில விநாடிகள் போதும். மருந்து உடலிற் சேர்ந்தது. நோயாளியும் வீடு திரும்பினார். வைத்தியத்தின் கதை அவ்வளவில் முடிந்துவிட, ஊசியின் கதை அப்பொழுதுதான் தொடங்குகிறது. அது எந்தப் பாத்திரத்தில் விழுகிறது, அப்பாத்திரத்தை யார் தூக்குகிறார், எந்த வண்டியில் அது செல்கிறது, ஈற்றில் எந்த மண்ணிலோ நெருப்பிலோ சேர்கிறது என்பவற்றை நோயாளியும் கேட்பதில்லை, ஊராரும் கேட்பதில்லை. கேளாமல் விடப்படும் அக்கேள்விகளுக்கு ஒழுங்காக விடை காண்பதே மருத்துவக் கழிவு முகாமைத்துவம் எனப்படுவது.

வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் குப்பை முழுவதும் ஆபத்தானதன்று. உலக சுகாதாரத் தாபனத்தின் கணிப்பின்படி அதில் ஏறத்தாழ 85 வீதம் நம் வீட்டுக் குப்பையைப் போன்றதே. சோற்று மிச்சம், கடதாசி, மருந்துப் பெட்டியின் அட்டை, வாழைப்பழத்தோல் முதலியன அவ்வகையின. எஞ்சிய 15 வீதமே அஞ்சத்தக்கது. பயன்படுத்திய ஊசிகள், கத்தி அலகுகள், இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட உடற்பகுதிகள், ஆய்வுகூடத்திற் கிருமி வளர்த்த தட்டுகள், காலாவதியான மருந்துகள், புற்றுநோய்க்குரிய கடுமருந்துகள், இரசாயனங்கள், கதிர்வீச்சுப் பொருள்கள் ஆகியன அப்பகுதியுள் அடங்கும். ஒரு குடம் பாலைக் கெடுக்க ஒரு துளி நஞ்சு போதும் என்பர். அந்த 15 வீதமும் ஏனைய 85 வீதத்தோடு ஒரே வாளியிற் கலந்துவிட்டால், முழு வாளியையும் நஞ்சாகவே கருத வேண்டும். சிறிய சுமையாக இருந்தது பெருஞ்சுமையாகிவிடும்; அதனை அழிக்கும் செலவும் பன்மடங்காகும்.

இந்தச் சுமையை முதலிற் சுமப்பவர் வைத்தியருமல்லர், தாதியுமல்லர். அதிகாலையில் வந்து விடுதியைக் கூட்டி, பைகளைக் கட்டி, தோளிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுசெல்லும் சிற்றூழியரே அவர். பை மெல்லியது, உள்ளே கிடக்கும் ஊசி கூரியது. நோயாளி ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி ஒரே ஒரு முறை குத்தினாலும், தடுப்பூசி பெறாதவருக்கு ஈரல் அழற்சி ‘பீ’ தொற்றும் வாய்ப்பு 100 இற்கு 30 வரை ஆகலாம். ஈரல் அழற்சி ‘சீ’ தொற்றும் வாய்ப்பு 100 இற்கு ஏறத்தாழ 2. எயிட்ஸ் நோய்க்குரிய கிருமி தொற்றும் வாய்ப்பு 1000 இற்கு 3. முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு. ஏனைய இரண்டிற்கும் இன்றுவரை தடுப்பூசி இல்லை. துப்புரவுத் தொழில் தலைமுறை தலைமுறையாக ஒரு சாராரின் தலையிலேயே சுமத்தப்பட்ட ஒரு சமூகத்தில், இந்த எண்கள் சுகாதாரக் கணக்கு மாத்திரமல்ல, நீதிக் கணக்குமாகும்.

கழிவு வைத்தியசாலையின் மதிலைத் தாண்டிய பின்னரும் அதன் தீமை ஒழிவதில்லை. 2009ஆம் ஆண்டில் இந்தியாவின் குஜராத் மாநிலத்து மொடாசா நகரில் ஈரல் அழற்சி ‘பீ’ பரவிப் பலர் உயிரிழந்தனர். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசிகளை மற்றவர்க்கும் பயன்படுத்தியமையே அதற்குக் காரணமாகக் காணப்பட்டது. வீசப்பட்ட ஊசிகளைத் திரட்டி விற்கும் களவு வாணிபமும் அப்பொழுது வெளிச்சத்துக்கு வந்தது. பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் 1987இல் நிகழ்ந்தது இன்னும் கொடியது. கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிற் கிடந்த கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்பென்று கருதி இருவர் எடுத்துச் சென்று விற்றனர். அதனுள்ளிருந்த சீசியம் 137 என்னும் பொருள் இருளில் நீலமாக ஒளிர்ந்தது. அதன் அழகில் மயங்கியோர் அதனை வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். உடலிற் பூசியும் மகிழ்ந்தனர். ஒரு சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். 249 பேர் மாசுற்றனர். ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. அங்கே பகைவர் எவருமிலர். எறிந்துவிட்ட பொருளுக்குப் பொறுப்பாளி இல்லாமையே அவ்வளவு துன்பத்திற்கும் காரணமாயிற்று.

இனி யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குவோம். இங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மாத்திரம் ஓடும். மக்கள் குடிப்பதும் குளிப்பதும், தோட்டங்கள் தளிர்ப்பதும் பெரும்பாலும் கிணற்று நீராலேயே. அந்த நீரைத் தாங்கி நிற்பது சுண்ணக்கல். அது வெடிப்புகளும் துளைகளும் குகைகளும் நிறைந்தது. மழைநீர் அவற்றினூடாக விரைந்து இறங்கி, ஆழத்திலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று. மணற்பாங்கான நிலம் நீரை ஓரளவு வடித்துக் கொடுக்கும். சுண்ணக்கல் வெடிப்போ அவ்வாறு வடிப்பதில்லை. மேலே இட்டதைக் கீழே சேர்ப்பிக்கும் குழாய்போல் அது தொழிற்படும். சுன்னாகத்துச் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துன்பத்தை மக்கள் மறந்திலர். அவ்வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. கட்டளை ஒரு நாளிற் பிறக்கும். கெட்ட நிலத்தடி நீர் தெளிவதற்கோ பல ஆண்டுகள் செல்லும்.

இத்தகைய நிலத்தில், மருந்தகத்தின் பின்புறத்தே குழி தோண்டிக் கழிவைப் புதைப்பது, அயலவரின் கிணற்றில் அதனை இடுவதற்கு ஒப்பாகும். குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு ஏறத்தாழ 2 மீற்றராவது மேலே இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. கோடையில் அவ்விதிக்கு அமைந்த குழி மார்கழியில் அமையாது. வடகீழ்ப் பருவ மழையால் நீர் மட்டம் உயர்ந்து குழியைத் தொட்டுவிடும். எனவே குழியின் இடத்தையும் ஆழத்தையும் மாரிக் கிணற்றைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். கோடைக் கிணற்றைப் பார்த்தன்று.

புதைப்பதை விடுத்து எரித்துவிடலாமே என்று சிலர் எண்ணுவர். தகர பீப்பாவிலோ திறந்த குழியிலோ மூட்டும் நெருப்புக்குப் போதிய வெப்பம் இல்லை. மேலே கிடக்கும் கடதாசி எரியும். அடியிலுள்ள பஞ்சு கருகும். ஊசி கூர்மை கெடாமற் சாம்பலிற் கிடக்கும். குளோரின் கலந்த பிளாஸ்ரிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையொக்சின் என்னும் கொடிய நஞ்சு புகையோடு பிறக்கிறது. அது புல்லிற் படிந்து, பசுவுட் புகுந்து, பாலின் வழியே குழந்தையை அடைய வல்லது. 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை இத்தகைய நஞ்சுகளைக் கட்டுப்படுத்தவே எழுந்தது. முறையான எரியுலை 850 முதல் 1100 பாகை வரை வெப்பமுடையதாயும், புகையைத் தூய்மையாக்கும் அமைப்புக் கொண்டதாயும் இருத்தல் வேண்டும். பாதரசமுள்ள வெப்பமானியை எந்த உலையிலும் இடலாகாது. பாதரசம் அழியாது, ஆவியாகிப் பரவும்.

எரிப்பதற்கு மாற்று வழியும் உண்டு. அழுத்தமுள்ள நீராவியாற் கிருமியை அழித்தலே அது. 121 பாகை வெப்பமுள்ள நீராவி, மூடிய கலத்தினுள் அரை மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் கழிவின் உள்ளெல்லாம் ஊடுருவினால், தொற்றுக் கிருமிகள் மடியும். சத்திரசிகிச்சைக் கருவிகளைத் தூய்மையாக்குவதும் இவ்வாறே ஆதலின், வைத்தியசாலைகளுக்கு இது புதிய கலையன்று. பின்னர் அதனைத் துண்டாக்கினால் ஊசியை மீண்டும் பயன்படுத்த இயலாது. எஞ்சியதைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கலாம். நச்சுப் புகையும் எழாது. ஆயினும் நீராவி எல்லாவற்றுக்கும் ஏற்றதன்று. உடற்பகுதிகளுக்கும் இரசாயனங்களுக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் வேறு வழி வேண்டும். அக்கடுமருந்துகள் முற்றாய் அழிவதற்கு 1200 பாகை வெப்பம் தேவை. எந்த வழி எந்தக் கழிவுக்கு உரியது என்று அறிந்து பிரித்தாலன்றி, நல்ல உலையும் பயன் தராது. நல்ல நீராவிக் கலமும் பயன் தராது.

ஆகவே எல்லாவற்றுக்கும் அடிப்படை, கழிவு பிறக்கும் இடத்திலேயே அதனைப் பிரித்தலாகும். பிற்பாடு பிரிக்கலாம் என்று ஒத்திவைப்பது, அப்பணியைச் சிற்றூழியரின் வெறுங்கையில் ஒப்படைப்பதாகும். இலங்கையில் இதற்கென நிறக் குறியீடு வகுக்கப்பட்டுள்ளது. தொற்றுக் கழிவுக்கு மஞ்சள். ஊசி முதலிய கூரிய பொருள்களுக்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள். சாதாரணக் கழிவுக்குக் கறுப்பு. உக்கக்கூடிய உணவு, இலை முதலியவற்றுக்குப் பச்சை. ஊசிக்குரிய பெட்டி துளைபடாத வன்மையுடையதாக இருத்தல் வேண்டும். முக்காற் பங்கு நிறைந்தவுடன் அதனை மூடிவிட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிட முயலக்கூடாது. பல காயங்கள் அந்த முயற்சியிலேயே நேர்கின்றன. பெட்டி தாதியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஊசி அதனுள் விழும். விடுதியின் மறுமூலையில் இருந்தால் மேசையிலோ படுக்கை விரிப்பிலோ தங்கிவிடும். ஒழுங்கு பெரும்பாலும் இத்தகைய சிறிய ஏற்பாடுகளினாலேயே நிலைக்கிறது.

பிரித்த கழிவை ஒவ்வொரு மருந்தகமும் தானே அழிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் அளவு வேறு. கிராமத்து மருந்தகத்தின் அளவு வேறு. பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறுவதால் அங்குள்ள கழிவின் தன்மையும் வேறாகும். நெடுந்தீவிலிருந்து எப்பொருளும் கடல் கடந்தே குறிகாட்டுவானை அடைதல் வேண்டும். பயணிகளும் உணவுப் பொருள்களும் ஏறும் படகிற் கழிவுப் பையை வெறுமனே ஏற்றலாகாது. கசியாத, பூட்டிய பெட்டியில், அதற்கென ஒதுக்கிய நாளிற் கொண்டுவருதலே முறை.

இத்தகைய பிரதேசத்துக்கு ஏற்றது கூட்டு ஏற்பாடே. ஒவ்வோர் இடத்திலும் பிரித்தலும் பாதுகாப்பாகச் சேமித்தலும் நடைபெற வேண்டும். அழித்தல் நன்கு பராமரிக்கப்படும் ஒன்றிரண்டு பொது நிலையங்களில் நடைபெற வேண்டும். இடையில் மூடிய வண்டியொன்று தவணை தவறாது செல்ல வேண்டும். புறப்படும் இடத்தில் எடை குறிக்கப்பட்டு, சேரும் இடத்தில் மீண்டும் நிறுக்கப்படுதல் வேண்டும். இரண்டு எண்களும் ஒத்தால் வழியில் எதுவும் வீசப்படவில்லை என்பது தெளிவு. ஒவ்வாவிடின் யாரை வினவுவது என்பதும் தெளிவு. தனியார் சிகிச்சை நிலையங்கள், ஆய்வுகூடங்கள், பல் வைத்தியர்கள், மிருக வைத்தியர்கள் ஆகியோரும் கட்டணம் செலுத்தி இவ்வேற்பாட்டிற் சேர இடமளித்தல் வேண்டும். பிரதேச சபையின் குப்பை வண்டியில் ஊசி ஏறாமல் தடுக்க இதுவே வழி. இயந்திரத்தை வாங்குவது எளிது. அதனைத் திருத்தவல்லவர், உதிரிப்பாகம், எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதே அரிது. திறப்பு விழாவில் மாலையணிந்த இயந்திரம் ஓராண்டிற் பழுதாகி நின்றால், கழிவு மீண்டும் குழிக்கே திரும்பும்.

சட்டம் இல்லாத நாடன்று இது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ், 2008இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் மருத்துவக் கழிவையும் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகக் கொள்கின்றன. அதனை உண்டாக்குவோரும் சேர்ப்போரும் கொண்டுசெல்வோரும் அழிப்போரும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். பிற நாட்டுக் கழிவை இந்நாடு ஏற்க மறுத்த வரலாறும் உண்டு. 2017 முதல் பழைய மெத்தைகள் முதலியன என்ற பெயரிற் பிரித்தானியாவிலிருந்து வந்த கொள்கலன்களில் வைத்தியசாலைக் கழிவும் இருந்தமை 2019இல் பகிரங்கமாயிற்று. பேசல் உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு அவை திருப்பி அனுப்பப்பட்டன. மொத்தம் 263 கொள்கலன்கள். கடைசி 45உம் 2022 பெப்ரவரியில் ஏற்றப்பட்டன. பிறர் கழிவு நம் கரையிற் கிடக்கலாகாது என்று கூறிய நாடு, தன் கழிவு தன் அயலவன் கிணற்றடியிற் கிடப்பதையும் பொறுத்தல் ஆகாது.

இக்கடமையில் வீடுகளுக்கும் பங்குண்டு. நீரிழிவுக்காக நாள்தோறும் இன்சுலின் ஏற்றுவோர் இன்று ஊருக்கு ஊர் உளர். ஒருவர் நாளொன்றுக்கு ஓர் ஊசியை எறிந்தாலும் ஆண்டுக்கு 365 ஊசிகளாகும். அவற்றை வேலியோரத்தில் வீசாது, தடித்த பிளாஸ்ரிக் போத்தலொன்றில் இட்டு, திருகு மூடியால் இறுக மூடிச் சிறுவர் கைக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும். நிறைந்த போத்தலை மாதாந்த சிகிச்சைக்குச் செல்லும்போது ஒப்படைக்க, ஒவ்வொரு நீரிழிவுச் சிகிச்சை நிலையத்திலும் ஒரு பெட்டி வைப்பது பெருஞ்செலவான காரியமன்று. மிஞ்சிய மாத்திரைகளை மலசலகூடத்திற் கொட்டுவதும் தவிர்க்கத்தக்கது. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருப்பது அதே சுண்ணக்கல்லே.

நவீன உலைகளுக்கும் வண்டிகளுக்கும் காலம் எடுக்கலாம். ஆயினும் நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடியவை சில உள. ஊசிப் பெட்டியை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவரலாம். மஞ்சட் பையிற் பழத்தோல் விழாமற் பார்க்கலாம். பை தூக்கும் ஊழியருக்குத் தடித்த கையுறையும் காலணியும் கொடுத்து, ஈரல் அழற்சித் தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் குறைவின்றி ஏற்றலாம். விடுதியிற் பணிபுரிவோர் எல்லோருக்கும் பயிற்சியளிக்கும் நாளில் அவரையும் அழைத்து, முன் வரிசையில் இருத்தலாம். வைத்தியசாலையின் தூய்மையை அளக்க விரும்புவோர் அதன் வாசலைப் பார்த்துப் பயனில்லை. பின்புறத்தையும், அங்கு வேலை செய்யும் அவர் கைகளையும் பார்த்தல் வேண்டும்.