பொழுது சாய்ந்தால் மறுநாள்

எபிரேய நாட்காட்டியில் நாள் பிறப்பது மாலையில். சூரியன் மறைந்து வானத்தில் மூன்று விண்மீன்கள் தெரிந்துவிட்டால் பழைய நாள் முழுமையாக முடிந்துவிட்டது. அந்த இரவும் அதைத் தொடரும் பகலும் சேர்ந்து அடுத்த நாள். ஆதியாகமம் படைப்பின் நாட்களை எண்ணும்போதும் சாயங்காலத்தை முதலில் வைத்து, காலையைப் பின்னால் வைக்கிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, கடிகாரத்துக்கு நள்ளிரவில். இந்த மூன்று எல்லைகளில் நள்ளிரவை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. அதைச் சொல்ல ஒரு கருவி வேண்டும். பழைய எபிரேயருக்கு அந்தக் கருவி இல்லை, அதன் தேவையும் இல்லை.

மணிக்கணக்கும் அவர்களிடம் பிற்காலத்தில்தான் வந்தது. பழைய நூல்களில் காலை, நண்பகல், அந்திநேரம், இரவுக்கு மூன்று ஜாமங்கள் என்ற பிரிவுகளே உண்டு. பின்னர் பகலைப் பன்னிரண்டு சமபங்காக்கி ஒவ்வொன்றையும் ஒரு மணி என்றார்கள். பகல் நீண்டால் மணியும் நீளும். எருசலேமில் ஜூன் மாதத்து மணி ஏறக்குறைய 71 நிமிடம். டிசம்பர் மாதத்து மணி 50 நிமிடம்தான். யூதர்களின் காலை ஜெபத்துக்கான கடைசி நேரம் இன்றும் இந்த நீளும் மணியைக் கொண்டே கணிக்கப்படுகிறது. கணித்த பிறகுதான் அது கடிகார நேரமாக மாற்றி அச்சிடப்படுகிறது.

நவீன அளவு இதற்கு நேர் எதிர். 1967 முதல் ஒரு விநாடி என்பது சீசியம்-133 அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர எடுக்கும் நேரம். சூரியன் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

மாதத்தை நிலா தந்தது. அமாவாசைக்குப் பிறகு மேற்கு வானில் முதன்முதலாகக் கண்ணுக்குப் படும் மெல்லிய கீற்றுதான் மாதப்பிறப்பு. நம்மூரில் மூன்றாம் பிறை பார்ப்பது போலத்தான். ஆனால் எபிரேயரிடம் பிறையைப் பார்த்தவர் மன்றத்தில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத நூல் இந்த விசாரணையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. எருசலேமில் சாட்சிகளுக்கென்று ஒரு பெரிய முற்றம் இருந்தது. அடுத்த முறையும் மக்கள் ஆர்வத்தோடு வரவேண்டும் என்பதற்காக அங்கே அவர்களுக்கு நல்ல விருந்து போட்டார்கள். முதலில் வந்த இருவரைத் தனித்தனியே அழைத்து விசாரிப்பார்கள். பிறை சூரியனுக்கு முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா? வடக்கிலா, தெற்கிலா? எவ்வளவு உயரத்தில்? எந்தப் பக்கம் சாய்ந்து? எவ்வளவு அகலம்? இருவர் சொன்னதும் ஒத்துப்போனால்தான் சாட்சி செல்லும். எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு மன்றத்துக்குத் தலைமை தாங்கிய கமாலியேல் தம் மேல்வீட்டுச் சுவரில் பிறையின் பல வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். வாய்விட்டு விவரிக்கத் தெரியாத எளியவர்களிடம் அந்தப் படங்களைக் காட்டி, இப்படியா, அப்படியா என்று கேட்பாராம்.

மன்றம் தீர்ப்புச் சொன்னதும் ஒலிவ மலையில் தீப்பந்தம் ஏற்றி ஆட்டுவார்கள். அடுத்த மலையில் பதில் நெருப்பு தெரியும்வரை ஆட்ட வேண்டும். மலைக்கு மலை தாவி அந்தச் செய்தி பாபிலோனில் வாழ்ந்த யூதர்வரை போய்ச் சேரும். சமாரியர் இடையில் புகுந்து பொய் நெருப்பு ஏற்றத் தொடங்கியதால், பிறகு ஆள் அனுப்பும் முறைக்கு மாறினார்கள் என்று அதே நூல் சொல்கிறது. தூதர் நடந்து போய்ச் சேருவதற்குள் பண்டிகையே வந்துவிடும் தொலைவில் இருந்தவர்கள் சந்தேகத்துக்கு இரண்டு நாள் கொண்டாடினார்கள். சந்தேகம் தீர்ந்து பல நூற்றாண்டு ஆன பின்னும், இஸ்ரேலுக்கு வெளியே மரபு பேணும் யூதர்கள் பல பண்டிகைகளை இரண்டு நாளாகவே கொண்டாடி வருகிறார்கள்.

பன்னிரண்டு நிலா மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. இதைச் சரிசெய்யாமல் விட்டதால்தான் இஸ்லாமிய நாட்காட்டியில் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. எபிரேயருக்கு அப்படி விட முடியாது. அவர்களுடைய பண்டிகைகள் வயலோடு கட்டப்பட்டவை. 1908இல் கேசேர் என்ற பழைய நகரில் கிடைத்த உள்ளங்கை அளவான சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பலகையில் மாதங்களுக்குப் பெயர் இல்லை, வேலைகள்தான் உண்டு. விளைச்சல் சேர்க்கும் இரண்டு மாதம், விதைக்கும் இரண்டு மாதம், பின்விதைப்பு இரண்டு மாதம், ஆளிச்செடி அறுக்கும் ஒரு மாதம், வாற்கோதுமை அறுக்கும் ஒரு மாதம் என்று ஒரு உழவனின் ஆண்டு அதில் முழுதாக இருக்கிறது. விவிலியத்தில் முதல் மாதத்தின் பழைய பெயரான ஆபீப் என்பதற்கே இளங்கதிர் என்றுதான் பொருள். நிசான், தம்மூஸ், ஏலூல் போன்ற பெயர்கள் பாபிலோனுக்குச் சிறைபோன மக்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்தவை.

பஸ்கா பண்டிகை இளவேனிலில், புதுக்கதிர் முற்றும் காலத்தில் வரவேண்டும் என்பது விதி. கதிர் பச்சையாகவே இருந்தால் ஆதார் என்ற கடைசி மாதத்தை இன்னொரு முறை சேர்த்து ஆண்டை நீட்டினார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாதமும் இதே வேலையைத்தான் செய்கிறது. தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுபவை. அதனால் சித்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. கிரகோரியன் நாட்காட்டியோ நிலாவைக் கைவிட்டு, மாதம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய உறவு அதில் மிஞ்சியிருப்பது ஈஸ்டரில் மட்டும்தான். பஸ்காவை ஒட்டி நிலாவைப் பார்த்துக் குறிக்கப்பட்ட பண்டிகை என்பதால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கிறது.

சாட்சியும் கதிரும் பார்த்த காலம் நிலைக்கவில்லை. உலகெங்கும் சிதறிய மக்கள் எருசலேமிலிருந்து வரும் தூதருக்காகக் காத்திருக்க முடியாது. நாட்காட்டியைக் கணக்கு விதிகளாக மாற்றிக் கொடுத்தவர் 4ஆம் நூற்றாண்டின் இரண்டாம் ஹில்லேல் என்பது மரபு. விதிகள் முழு வடிவம் பெற இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின. இந்தக் கணக்கில் ஒரு மணிக்கு 1080 பங்கு. ஒரு பங்கு மூன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம். ஒரு நிலா மாதத்தின் சராசரி 29 நாள், 12 மணி, 793 பங்கு. இதையே நம் பஞ்சாங்க வழக்கில் எழுதினால் 29 நாள், 31 நாழிகை, 50 விநாழிகை, 8 தற்பரை என்று வரும். அறுபது அறுபதாகப் பிரித்த பாபிலோனிய வானியலார் கண்ட எண் இது. இன்றைய கருவிகள் தரும் அளவுக்கும் இதற்கும் மாதத்துக்கு அரை விநாடி அளவே வேறுபாடு. தொலைநோக்கி இல்லாத காலத்தில், கிரகணங்களைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்தே இந்தத் துல்லியத்தை எட்டியிருக்கிறார்கள்.

19 ஆண்டுகளில் 235 மாதங்கள் என்பது அடுத்த விதி. அந்தச் சுற்றில் 3, 6, 8, 11, 14, 17, 19ஆம் ஆண்டுகளுக்கு அதிக மாதம் உண்டு. ஆண்டுப்பிறப்பு ஞாயிறு, புதன், வெள்ளியில் விழக்கூடாது, விழுந்தால் தள்ளிப்போடப்படும். புதனிலோ வெள்ளியிலோ பிறந்தால் ஒன்பது நாள் கழித்து வரும் பாவநிவாரண நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையை ஒட்டி விழும். அடுத்தடுத்து இரண்டு நாள் அடுப்பு மூட்டவோ இறந்தவரை அடக்கவோ முடியாது. கணக்கு என்று வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 921இல் பாலஸ்தீனத்துத் தலைவர் ஒருவர் 642 பங்கு, அதாவது முக்கால் மணிக்கும் குறைவான நேரத்தைக் கணக்கில் மாற்றவேண்டும் என்றார். பாபிலோனியத் தரப்பில் சாதியா என்ற அறிஞர் மறுத்தார். விளைவாக 922இல் ஒரு பகுதியினர் பஸ்காவை ஞாயிற்றுக்கிழமையும், மற்றவர் செவ்வாய்க்கிழமையும் கொண்டாடினார்கள். கடைசியில் நிலைத்தது சாதியாவின் பக்கம்தான்.

இந்த நாட்காட்டியில் ஒரு குறையும் உண்டு. நிலா மாதம் அவ்வளவு துல்லியமாக இருந்தும், 19 ஆண்டுச் சுற்றால் கிடைக்கும் சராசரி ஆண்டு சூரிய ஆண்டைவிட 6 நிமிடம் 40 விநாடி நீளம். 216 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பஸ்கா கோடையை நோக்கி நகர்கிறது. கிரகோரியன் நாட்காட்டி ஒரு நாள் பிசக 3000 ஆண்டுக்கு மேல் ஆகும். திருத்தலாம் என்றால், யூதர் அனைவரும் ஏற்கும் மன்றம் இப்போது எதுவும் இல்லை.

நாளுக்குச் சூரியன், மாதத்துக்கு நிலா, ஆண்டுக்கு இரண்டும். வாரத்துக்கு வானத்தில் எதுவுமே இல்லை. ஏழு என்ற எண்ணை எந்தக் கோளின் சுழற்சியும் தரவில்லை. பாபிலோனியர் மாதத்தின் 7, 14, 21, 28ஆம் நாட்களை விலக்கு நாட்களாக வைத்திருந்தாலும் அவை ஒவ்வொரு பிறைக்கும் புதிதாகத் தொடங்கியவை. எபிரேய வாரமோ பிறையையும் பருவத்தையும் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் நாட்களுக்குக் கோள்களின் பெயரும் கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் மட்டும். பெயர் பெற்றது ஏழாம் நாளான ஓய்வுநாள் ஒன்றே. பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓரிடத்தில் ஓய்வுக்குக் காரணம் படைப்பு. இன்னோரிடத்தில் எகிப்தில் அடிமைகளாக இருந்த நினைவு. வேலைக்காரன், மாடு, கழுதை, ஊரில் தங்கிய அந்நியன் எல்லோருக்கும் சேர்த்தே அந்த ஓய்வு விதிக்கப்பட்டது. வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை யூதர் வீணாக்குவதாக ரோமச் சிந்தனையாளர் செனெக்கா குறைகூறினார். இன்று உலகம் முழுவதும் வார விடுமுறை எடுக்கிறது.

ஓய்வுநாள் வருவதை ஊருக்கு அறிவித்த இடத்தின் சான்றும் கிடைத்திருக்கிறது. எருசலேம் ஆலய மேட்டின் தென்மேற்கு மூலையில் 1968இல் தோண்டியபோது, உச்சியிலிருந்து விழுந்த ஒரு மூலைக்கல் அகப்பட்டது. எக்காளம் ஊதும் இடம் என்ற பொருளில் அதில் எபிரேய எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. ஆசாரியர் ஒருவர் கோபுரத்தில் நின்று ஏழாம் நாளின் தொடக்கத்தையும் முடிவையும் ஊதி அறிவிப்பார் என்று முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியது இந்தக் கல்லோடு பொருந்துகிறது. இப்போதும் எருசலேமில் வெள்ளி மாலையில் சங்கு ஒலிக்கிறது, மின்சாரச் சங்கு. சூரியன் மறையச் சுமார் 40 நிமிடம் முன்னால் ஒலிப்பதால் கடிகாரத்தில் அதன் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும்.

நவீன உலகம் நாட்காட்டியில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறது. வாரத்தை மட்டும் அசைக்க முடியவில்லை. 1582இல் கிரகோரி பாப்பரசர் பத்து நாட்களை நீக்கியபோதுகூட அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்து அக்டோபர் 15 வெள்ளி என்றே வந்தது. பிரெஞ்சுப் புரட்சியினர் பத்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். சோவியத் அரசு 1929இல் ஐந்து நாள் வாரத்தையும் பின்னர் ஆறு நாள் வாரத்தையும் கொண்டுவந்தது. எதுவும் நீடிக்கவில்லை. ஆண்டின் கடைசி நாளை எந்தக் கிழமையிலும் சேர்க்காமல் விட்டுவிடும் உலக நாட்காட்டித் திட்டத்தை 1950களில் ஐ.நா. அவையில் முன்வைத்தது இந்தியா. அதற்காக வாதாடியவர் வானியற்பியல் அறிஞர் மேக்நாத் சாகா. கிழமை இல்லாத ஒரு நாள் நுழைந்தாலே ஏழாம் நாளின் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று யூதரும் பிற சமயத்தாரும் எதிர்த்தார்கள். 1955இல் அமெரிக்காவும் மறுத்ததோடு திட்டம் முடங்கியது.

கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்த பிறகும் சனிக்கிழமையை விடாத கிறிஸ்தவர் உண்டு. தமிழகத்தில் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், வெள்ளைக்கார மிஷனரிகளோடு முரண்பட்டு 1857இல் சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது.

ஆனால் உருண்டையான பூமியில் சனிக்கிழமை எங்கே தொடங்குகிறது என்பது பழைய நூல்கள் நேராகப் பதில் சொல்லாத கேள்வி. 1941இல் ஜப்பானின் கோபே நகருக்கு வந்து சேர்ந்த யூத அகதிகள் இதைத் தந்தியில் எருசலேமுக்குக் கேட்டார்கள். உள்ளூர்ச் சனிக்கிழமையையே ஆசரிக்கலாம் என்றனர் ஒரு தரப்பினர். உண்மையான ஓய்வுநாள் அங்கே ஞாயிறு என்றார் ஹசோன் ஈஷ் என்று அறியப்பட்ட அறிஞர். 2011இல் சமோவா நாடு தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. அங்கே டிசம்பர் 29 வியாழனுக்கு அடுத்த நாள் 31 சனி. அந்த நாட்டின் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் பழைய எண்ணிக்கையை விடாமல், நாட்காட்டியில் ஞாயிறு என்று அச்சிட்ட நாளில் ஓய்வுநாளை ஆசரிக்கிறார்கள். அவர்களிலிருந்து பிரிந்த சிலர் மட்டும் சனிக்கிழமைக்கு மாறிக்கொண்டார்கள்.