இரண்டும் வெள்ளைதான், ஆனால் ஒன்றல்ல!

பெயின்ட் கடையில் ஷேட் கார்டை விரித்தால் ஐவரியும் ஆஃப் ஒயிட்டும் அக்கா தங்கை போல அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கும். “ரெண்டும் ஒண்ணுதான் சார், சட்டுன்னு சொல்லுங்க” என்பார் பெயின்டர். தபால்தலை அளவுக் கட்டத்தில் கண்ணுக்கு எட்டாத வித்தியாசம், நான்கு சுவரிலும் ஏறிய பிறகுதான் தெரியும். அப்போது பணமும் கூலியும் போயிருக்கும்.

இரண்டுக்கும் அடிப்படை, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடிதான். அதில் சேரும் சில சொட்டு நிறமிதான் இரண்டையும் பிரிக்கிறது. ஐவரியில் மஞ்சள் சாயல். ஆஃப் ஒயிட் பலவற்றில் கறுப்பு துளியூண்டு சேர்ந்து சாம்பல் சாயல். சுண்ணாம்பில் நம் பாட்டிமார் நீலம் கலந்ததும் இதே கணக்கில்தான். மஞ்சள் பழுப்பை நீலம் அமுக்கிவிடும்; சுவர் வெள்ளைவெளேரென்று தெரியும்.

சாயலைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். அதன்மேல் வைத்தால் ஐவரி வெண்ணெய்போல மஞ்சளிக்கும். ஆஃப் ஒயிட் லேசாகச் சாம்பல் பூக்கும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே தனி நூலாக விளக்கியிருக்கிறார்.

வெளிச்சமும் தன் பங்குக்கு விளையாடும். 6500 கெல்வின் வெள்ளை பல்பின் கீழ் ஆஃப் ஒயிட் நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரிச் சுவர்போலக் குளிர்ந்துவிடும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் ஐவரி இன்னும் மஞ்சளாகும். சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால், பகலில் சுவரின் அடிப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும்.

என் தீர்ப்பு இதுதான்: வெயில் எட்டாத அறைக்கு ஐவரி. மேற்கு வெயில் நேராக விழும் கூடத்துக்கு ஆஃப் ஒயிட். மாலை வெயிலின் மஞ்சளை அதன் சாம்பல் சாயல் தணித்துவிடும்.

முடிவெடுக்கும் முன் சின்ன டப்பா இரண்டு வாங்குங்கள். இரண்டடிச் சதுர வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட்டிங் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். பழைய சுவரின் நிறம் குழப்பாமலிருக்க, அட்டையில் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் விடுங்கள். சுவரில் சாய்த்து வைத்து காலை, மதியம், இரவு பாருங்கள். வருஷக்கணக்கில் நீங்கள் கண்விழிக்கப்போகும் சுவர் அது. அதற்காக இரண்டு நாள் பொறுங்கள். பெயின்டரையும் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.